நாலு வேர்க்கரும் ஒரு பெட்டிக் கல்வெட்டும்

கோண்டாவிலில் பெரியம்மா வீட்டில் ஒரு றங்குப்பெட்டி நிறையக் கல்வெட்டுகள் கிடக்கின்றன. 31ஆம் நாளுக்கு வீட்டார் அச்சடித்துக் கொடுக்கும் அந்த நினைவு மலர்கள்தான். முன்னுக்குத் தேவாரம், பிறகு வாழ்க்கைக் குறிப்பு, கடைசியில் வம்சாவளி. வேலணையில் யார் யாருக்குச் சொந்தம் என்று தேட இதைவிட நல்ல சாமான் கிடையாது. ஸ்கேன் எல்லாம் முடிந்தது. இப்போது டெசரெக்ட் என்ற, படத்தில் இருக்கும் எழுத்தை வாசிக்கும் மென்பொருளின் தமிழ் மொடலை வைத்து எழுத்தாக்கிக்கொண்டிருக்கிறேன்.

மடிக்கணினியில் 4 கோர், 8 ஜிபி ராம். பைதனில் பக்கம் பக்கமாக ஓடவிட்டபோது, மாதிரிக்கு எடுத்த 100 பக்கத்துக்கு ஏறக்குறைய 12 நிமிடம். பைதனின் மல்டிபுரொசெசிங் பூல் வழியாக 4 வேர்க்கர் (ஒரே நேரத்தில் ஓடும் தனித்தனிப் புரொசஸ்) போட்டால் மூன்று, நாலு நிமிடத்துக்கு இறங்க வேண்டும் அல்லவா? ஒன்பதில் நின்றது. கணினியின் சுமையைக் காட்டும் எச்டொப்பைத் திறந்தால் எல்லாக் கோரும் சிவப்பில் நிற்கிறது, லோட் (ஓடுகிற, ஓடக் காத்திருக்கிற வேலைகளின் எண்ணிக்கை) 16ஐத் தொடுகிறது, காற்றாடி வேறு கத்துகிறது. “என்ன தம்பி, உந்த மிசின் இப்பிடி இரையுது?” என்று பெரியம்மா குசினிக்குள் இருந்து கேட்டா.

நாலு வேர்க்கருக்கு 16 லோட் எங்கிருந்து வரும்? டெசரெக்ட் தானாகவே, வேலையைப் பல கோருக்குப் பிரிக்கும் ஓப்பன்எம்பி மூலம் ஒரு பக்கத்துக்கு நாலு த்ரெட் (ஒரு புரொசஸுக்குள் ஓடும் கிளை வேலை) வரை திறக்கிறது. நாலு வேர்க்கரும் சேர்ந்தால் 16 த்ரெட், இருக்கிற கோருக்கு அடிபட்டுக்கொண்டு. ‘ஓஎம்பி த்ரெட் லிமிட்’ என்ற சூழல் மாறியை 1 என்று வைத்ததும் அதே 100 பக்கம் நாலு நிமிடத்துக்குள் வந்துவிட்டது. நிரலில் ஒரே ஒரு வரிதான் கூடியது. வேர்க்கரைக் கூட்டுவதற்கு முதல், உள்ளே ஓடும் சாமான் ஏற்கெனவே எத்தனை த்ரெட் போடுகிறது என்று பாருங்கள்.

அடுத்தது வம்சாவளிப் பக்கங்கள். சில கல்வெட்டில் அது மடித்து வைத்த பெரிய தாள். ஒன்றே நாலைந்து பக்கத்தின் நேரத்தை விழுங்கும். பூலின் ‘மாப்’ என்ற கட்டளை வேலைப் பட்டியலைத் தொடக்கத்திலேயே துண்டு துண்டாக வெட்டி வைக்கிறது (100 பக்கம், 4 வேர்க்கர் என்றால் ஒரு துண்டில் 7). மடிப்புத் தாள்கள் கோப்பு வரிசையில் அடுத்தடுத்து இருப்பதால் எல்லாம் ஒரே துண்டில் போய் விழும். மூன்று வேர்க்கர் முடித்துவிட்டுச் சும்மா நிற்க, ஒன்று மட்டும் மாய்ந்துகொண்டிருக்கும். அதே பூலின் ‘ஐமாப் அன்ஓடர்ட்’ கட்டளைக்கு மாறினேன்: ஒரு பக்கம் முடிய அடுத்த பக்கம். பெரிய கோப்புகளை முதலிலேயே அனுப்பவும் செய்தேன். அப்புறம் கடைசி இழுபறி இல்லை.

வேர்க்கருக்குக் கோப்பின் பெயரை மட்டும் அனுப்புவது நல்லது. படத்தையே அனுப்பினால் அதைப் பொதிந்து, பைப்பால் தள்ளி, மறுபக்கம் பிரித்து எடுக்க வேண்டும்; வீண் வேலை. எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுதலாம் என்பதால் வேர்க்கர்கள் எழுத்தைத் திருப்பித் தர, தாய்ப் புரொசஸ் மட்டும் அதில் போடுகிறது. டெசரெக்டைத் தனிக் கட்டளையாகக் கூப்பிட மட்டும் என்றால் பைதன் த்ரெட்டே போதும், ஜிஐஎல் (வழக்கமான பைதனில் ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் பைதன் நிரலை ஓட்டவிடும் பூட்டு) குறுக்கே வராது. பத்தி பிரிக்கும் என் நிரல் முழுக்கப் பைதன் என்பதால்தான் புரொசஸ்.

கரண்ட் போவதற்கும் ஒரு ஏற்பாடு வேண்டும், இந்தப் பற்றரி அரை மணித்தியாலம்கூடத் தாங்காது. ஒவ்வொரு பக்கமும் தற்காலிகப் பெயரில் எழுதப்பட்டு, முழுதாக முடிந்த பிறகே உண்மைப் பெயருக்கு மாறும். திரும்பத் தொடங்கும்போது அந்தப் பெயரில் கோப்பு இருந்தால் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும். அரைகுறைப் பக்கம் சேர வழியில்லை.

பழைய அச்சில் கொம்பு வளைத்த ணை, லை, னை வரும் இடங்களில் மட்டும் டெசரெக்ட் தடுமாறுகிறது. அதற்கு எத்தனை வேர்க்கர் போட்டும் பிரயோசனம் இல்லை, மொடலைத்தான் பழக்க வேண்டும். இரவில் 4 வேர்க்கர் ஓடட்டும். பகலில் 3 போதும், நாலாவது கோர் எனக்குத் தேவை.