மழைக்காலத்தில் வண்டிதான் வீடு

வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, பழைய டெம்போ டிராவலரிலேயே குடியேறி எட்டு மாதம் ஆகிறது. ஐப்பசி பிறந்ததிலிருந்து அம்மா தினமும் போன்: "புயல் வர்ற நேரத்துல கடற்கரையில வண்டிய நிறுத்தாதடா." நியாயம்தான், 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான் கரையைக் கடந்தது. சரி என்று கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையை விட்டு, புதுச்சேரிக்குப் பக்கத்தில் உள்ள ஊசுடு ஏரிப் பக்கம் வந்துவிட்டேன். வலசைப் பறவைகள் இறங்கத் தொடங்கிவிட்டன, கூட்டமே இல்லை, விடிகாலையில் டீயோடு உட்கார்ந்தால் எழுந்திருக்கவே மனம் வருவதில்லை. தொல்லை ஈரம்தான். போர்வை காயாது, தீப்பெட்டி நமுத்துவிடும், மேகமூட்டத்தில் சோலார் பேனலை நம்பவே முடியாது (நல்லவேளை, இப்போது மின்விசிறி தேவைப்படுவதில்லை). கூரை ஒழுகும் இடத்தில் எம்சீல் அப்பியிருக்கிறேன். மழை விட்டதும் மார்கழியில் பிச்சாவரம் போய், சுரபுன்னைக் காட்டுக்குள் படகு ஏற வேண்டும்.