1,800 ரூபாய் நீலப் பெட்டி

அம்மாவை யாழ்ப்பாணத்துக்கு கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போன அன்றுதான் தொடங்கியது. ஒட்டுசுட்டானில் இருந்து விடியவே வெளிக்கிட்டோம். மாங்குளத்தில் ஏ9 வீதியில் ஏறும்வரை எங்கள் வாகன் ஆர் கார் நல்ல பிள்ளை. முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிறுத்தித் தேங்காய் உடைத்தேன். அம்மா கச்சான் ஒரு பை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். திரும்ப ஸ்டார்ட் பண்ணினால் என்ஜின் காய்ச்சல்காரன் மாதிரி நடுங்குகிறது. டாஷ்போர்டில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு மினுங்குகிறது.

அந்த விளக்கு சும்மா எரிவதற்கும் மினுங்குவதற்கும் வித்தியாசம் உண்டென்று அப்போது எனக்குத் தெரியாது. மினுங்கினால் ஏதோ ஒரு சிலிண்டரில் பெற்றோல் சரியாக எரியாமல் வெளியே போகிறது. அப்படியே மிதித்து ஓடினால் புகைக்குழாயில் இருந்து புகையைச் சுத்தமாக்கும் கற்றலிட்டிக் கன்வேர்ட்டர் சூடேறிப் பழுதாகும். அதன் விலையைக் கேட்காமல் இருப்பது உடம்புக்கு நல்லது. மெல்ல உருட்டிக் கிளிநொச்சியில் ஒரு கராஜில் விட்டுவிட்டு, அம்மாவுடன் பஸ் ஏறினேன்.

பின்னேரம் வந்தால், "ஸ்கேன் பண்ணிப் பிளக் மூன்றும் மாத்தியாச்சு, லைட்டையும் அழிச்சாச்சு" என்றார்கள். என்ன கோட், அதாவது என்ன பழுது என்று காரின் கம்ப்யூட்டர் காட்டும் எண், வந்தது என்று கேட்டேன். எழுதி வைக்கவில்லையாம். ஸ்கேனுக்குத் தனிக் காசு. இரண்டாம் நாள் விளக்கு திரும்ப வந்துவிட்டது.

எனக்குக் காசு போனது பெரிதில்லை. பழுது வந்த நொடியில் வண்டி என்ன வேகத்தில் போனது, என்ஜின் சுற்றும் வேகம் (ஆர்பிஎம்) எவ்வளவு, என்ஜின் சூடு எவ்வளவு என்று காரின் கம்ப்யூட்டர் பிடித்து வைக்கும்; ஃப்ரீஸ் ஃபிரேம் என்பார்கள். கோட் எண்ணை அழித்தால் அதுவும் சேர்ந்து அழியும். நோயாளியின் கிளினிக் கொப்பியைக் கிழித்து எறிந்துவிட்டு மருந்து எழுதுகிற மாதிரித்தான் இது.

அன்றிரவே ஒன்லைனில் 1,800 ரூபாய்க்கு ஒரு ஸ்கேனர், காரில் குத்திப் போனில் கோட் பார்க்கும் நீல நிறக் குட்டிப் பெட்டி, ஓடர் பண்ணினேன். மேலே 'இஎல்எம்327, வி2.1' என்று போட்டிருந்தது. இஎல்எம்327 என்பது காரின் கம்ப்யூட்டருடன் பேசுவதற்குக் கனடாவில் எல்ம் எலெக்ட்ரோனிக்ஸ் செய்த சிப். அந்தக் கம்பனி 2022இல் மூடிவிட்டது. அதன் முதல் பதிப்பை எப்போதோ நகலடித்துவிட்டார்கள். சந்தையில் மலிவாகக் கிடப்பதெல்லாம் நகலின் நகல். பெட்டியில் இருக்கும் பதிப்பு எண்ணை நம்பவேண்டாம். 'வி1.5' நல்லது என்று கடைக்காரர் சொல்வார்கள். எல்ம் கம்பனி அப்படியொரு பதிப்பே வெளியிடவில்லை.

பெட்டி வந்தது. என் போன் அதைக் கண்டுபிடிக்கவே இல்லை. சுவிஸில் இருக்கும் அண்ணா தந்த ஐபோன் அது. பழைய வகைப் புளூடூத்தில் இயங்கும் ஸ்கேனருடன் ஐபோன் பேசாது. புளூடூத் 4.0, அதாவது பிஎல்இ வகையோ வைஃபை வகையோ வேண்டும். வைஃபை வகையில் இன்னொரு தொல்லை: போன் ஸ்கேனரின் வைஃபையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது இன்டர்நெட் தடுமாறும், வந்த கோட் என்னவென்று அங்கேயே தேடிப் பார்க்க முடியாது. சரி என்று மனுசியின் ஆண்ட்ராய்டை வாங்கி 1234 அடித்துச் சேர்த்தேன். கோட் வந்தது: பி0302. இரண்டாம் சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது பெற்றோல் சரியாக எரியவில்லை. அத்துடன் இணைப்பு அறுந்தது. திரும்பச் சேர்க்க, திரும்ப அறுந்தது. ஃப்ரீஸ் ஃபிரேம் பக்கம் கடைசிவரை வெறுமையாகவே கிடந்தது.

போதாக்குறைக்கு அதைக் கழற்றாமல் நாலு நாள் விட்டுவிட்டேன். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் அந்தப் 16 ஊசிச் சொக்கெட்டுக்குத் திறப்பை எடுத்த பிறகும் பற்றரியில் இருந்து மின் வந்துகொண்டே இருக்கும். ஐந்தாம் நாள் கார் முனகியது.

அப்பா வாசலில் இருந்து சிரித்தார். பொருளாதாரத் தடைக் காலத்தில் பழைய ஏ40 காரை மண்ணெண்ணெயில் ஓட்டிய ஆள் அவர். ஸ்குரூ டிரைவரின் நுனியை என்ஜினில் வைத்து, பிடியைக் காதோடு அழுத்தி எங்கே சத்தம் என்று சொல்லிவிடுவார். வாகன் ஆருக்கும் அதையே செய்து பார்த்து, "இதுக்குள்ள ஒண்டும் கேக்குதில்லை" என்று எழும்பிப் போய்விட்டார்.

இரண்டாவதாக வாங்கியது வீகேட் ஐகார் ப்ரோ, பிஎல்இ 4.0. பத்தாயிரத்துக்குக் கிட்ட முடிந்தது. செயலி 'கார் ஸ்கேனர்'. இலவசமாகவே கோட் வாசிக்கும். ஐந்து மடங்கு விலைக்கு என்ன கிடைத்தது என்றால், இணைப்பு அறுவதில்லை, ஓடாத நேரம் தானே உறங்கும். அவ்வளவுதான். ஆண்ட்ராய்ட் வைத்திருப்பவர், வருடத்தில் இரண்டு தடவை கோட் மட்டும் பார்க்கப் போகிறார் என்றால், நீலப் பெட்டியே போதும் என்பேன். என்ன, பார்த்ததும் கழற்றிவிட வேண்டும்.

ஆனால் மாமாவின் 2003ஆம் ஆண்டு ஜப்பான் காரில் இரண்டுமே வாய் திறக்கவில்லை. சொக்கெட் அதே வடிவம்தான். 2008க்கு முந்திய ஜப்பான் உள்நாட்டுக் கார்கள் பல, கம்பனியின் சொந்த மொழியில்தான் பேசும். ஓபிடி2 என்ற பொதுமொழி அவற்றுக்குப் புரியாது. அமெரிக்காவில் 1996இலேயே அது கட்டாயம், எங்கள் தெருவில் ஓடுபவையோ பெரும்பாலும் ஜப்பானில் ஓடி வந்தவை. ஆகவே விலையைப் பார்க்க முதல் காரின் புத்தகத்தில் வருடத்தைப் பாருங்கள். இந்தியத் தயாரிப்பு ஆல்ட்டோ, 2013க்குப் பிந்தியது என்றால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. ஏபிஎஸ், எயார்பேக் விளக்குகளுக்கு இந்தச் சின்னப் பெட்டிகளை நம்பி வாங்கவேண்டாம்.

பி0302 என்றால் பிளக்கா, பிளக்குக்கு மின் கொடுக்கும் கொயிலா, பெற்றோல் பீச்சும் இன்ஜெக்டரா என்று ஸ்கேனர் சொல்லாது. பிளக் புதிது. ஆகவே இரண்டாம் சிலிண்டரின் கொயிலை இழுத்தெடுத்து மூன்றாவதில் பூட்டி, மூன்றாவதை இங்கே பூட்டினேன். இரண்டாம் சிலிண்டரில் இருந்து கழற்றிய கொயிலின் அடி ரப்பரில் மயிரிழை போல ஒரு வெடிப்பு, அதைச் சுற்றி வெள்ளைத் தூள். கோட் எண்ணை எழுதி வைத்துக்கொண்டு அழித்தேன். மாங்குளச் சந்தி போய்த் திரும்புவதற்குள் விளக்கு வந்தது. இப்போது பி0303. கொயில் எங்கே போனதோ பழுதும் அங்கே போயிருந்தது.

வவுனியாவில் பழைய சாமான் கடையில் கொயில் ஒன்று வாங்கிப் பூட்டினேன். இரண்டு மாதம், விளக்கைக் காணவில்லை. ஸ்கேனரையும் காணவில்லை. பக்கத்து வீட்டு அண்ணை மருமகனின் காருக்கென்று வாங்கிப் போனவர். போன கிழமை கேட்டதற்கு, தன் லாண்ட்மாஸ்டர் இருசக்கர உழவு மெஷினில் இதை எங்கே குத்துவது என்று என்னிடம் திருப்பிக் கேட்டார்.