மூன்றாவது வரிசை, ஜன்னலோரம்

முதல் நாள், முதல் வகுப்பு. ஒவ்வொருவரும் எழுந்து பேரையும் தங்களைப் பற்றி ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும் என்றார் பேராசிரியர். எனக்கு முன்னால் இருபது பேராவது பேசியிருப்பார்கள், ஒருவர் பேரும் என் காதில் விழவில்லை. சொல்லப்போகும் ஒற்றை வரியை மனசுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தேன். என் முறை வந்தது, பேரைச் சொன்னேன். "கொஞ்சம் சத்தமா சொல்லும்மா" என்றார். இரண்டாவது முறை சொல்லும்போது காதுமடல் சுட்டது. அந்த ஒரு விஷயத்தைச் சொல்லாமலே உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு இவ்வளவு கூச்சம் இருக்கிறது என்பதே பள்ளியில் தெரியவில்லை. பல வருஷமாக அதே முகங்கள். நான் வாய் திறக்காவிட்டாலும் என்னைப் புரிந்த நாலு பேர் இருந்தார்கள். இங்கே ஒவ்வொரு பாடத்துக்கும் வேறு அறை, வேறு கூட்டம். வரவில்லையென்றால் ஏன் என்று கேட்க ஆளில்லை. பாடத்தைவிட என்னைப் படுத்தியது இரண்டு வகுப்புக்கு நடுவில் வரும் ஒரு மணி நேரம்தான். எங்கே போய் நிற்பது? போனில் எதையோ தேடுவது போல் நிற்பேன், இல்லையென்றால் நூலகத்தில் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ராத்திரி அம்மா போனில் "யாராவது ஃபிரெண்ட் ஆனாங்களா?" என்று கேட்டால் "ம், இருக்காங்க" என்பேன். அந்தப் பொய் வலித்த அளவு அந்த வருஷம் வேறெதுவும் வலிக்கவில்லை.

வெளியே போ, நாலு பேரோடு கலகலவென்று பேசு என்று சொல்லாதவர் இல்லை. புதிய மாணவர்களுக்கான வரவேற்பு நிகழ்ச்சிக்கு அப்படித்தான் போனேன். பெரிய கூட்டம், காதைப் பிளக்கும் பாட்டு. சுவரோரம் பத்து நிமிஷம் நின்றுவிட்டு, அறைக்குத் திரும்பி அழுதேன். கூச்சப்படுகிறவரைக் கூட்டத்துக்குள் தள்ளிவிடுவது தப்பான வைத்தியம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

எனக்குக் கை கொடுத்தது ஒரு நாற்காலி. தைரியம் வந்து செய்ததல்ல. நிறைந்த அறையில் இடம் தேடி அலையும் பதற்றம் வேண்டாமே என்று, புள்ளியியல் வகுப்புக்கு எப்போதும் பத்து நிமிஷம் முன்னதாகப் போய் மூன்றாவது வரிசை ஜன்னலோரம் உட்கார ஆரம்பித்தேன். பக்கத்து இருக்கைக்கு ஒரு பெண் தொடர்ந்து வந்தாள். மூன்று வாரம் ஒரு வார்த்தை கிடையாது. நாலாவது வாரம், எழுத மறுத்த பேனாவை நான் உதறிக்கொண்டிருந்தபோது, பேசாமல் தன் பேனாப் பையை என் பக்கம் நகர்த்தினாள். நான் எடுத்த நீலப் பேனாவின் மூடி முழுக்கப் பல் தடம். வகுப்பு முடிந்து திருப்பிக் கொடுத்தபோது கேட்டாள்.

"கடைசிக் கணக்கு உங்களுக்குப் புரிஞ்சுதா?"

"இல்ல."

"எனக்கும் இல்ல."

முதல் பேச்சு அவ்வளவுதான். அடுத்த வகுப்பில் அந்தக் கணக்கைச் சேர்ந்து போட்டோம்.

அடுத்த செமஸ்டரில் உளவியல் விருப்பப் பாடத்தில் ஒரு ஆய்வைப் படித்தேன். 1992-இல் மோர்லண்ட், பீச் என்ற இரண்டு ஆய்வாளர்கள் செய்தது. தோற்றத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரியான நான்கு பெண்கள். ஒருத்தி வகுப்புக்கே வரவில்லை, மற்றவர்கள் 5, 10, 15 முறை வந்து, யாரிடமும் பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். கடைசியில் நால்வரின் படத்தையும் மாணவர்களிடம் காட்டியபோது, அதிக முறை வந்தவளைத்தான் அதிகம் பிடித்திருந்தது. படித்ததும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. பேசாமல் உட்கார்ந்திருந்த அந்த மூன்று வாரமும் வீண் இல்லை! நட்பு எப்படி உருவாகிறது என்று ஆராயும் ஜெஃப்ரி ஹால் என்ற பேராசிரியர் 2018-இல் வெளியிட்ட கணக்கும் அப்போதுதான் கண்ணில் பட்டது. வெறும் அறிமுகம் சாதாரண நட்பாக மாறவே சுமார் 50 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறதாம், நெருங்கிய நட்புக்கு 200-க்கும் மேல். ஒன்றரை மாதத்தில் யாரும் கிடைக்கவில்லை என்று நான் உடைந்துபோயிருந்தேனே, அதுவரை யாரோடும் ஐந்து மணி நேரம்கூடக் கழித்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு ஆட்களைத் தேடுவதை விட்டுவிட்டு, வாரா வாரம் நடக்கும் சின்ன வேலைகளைத் தேடினேன். நாடகக் குழுவில் மேடைக்குப் பின்னால் விளக்குப் பொறுப்பு கிடைத்தது. கையில் வேலை இருந்தால் பேச்சு வேலையைப் பற்றியே இருக்கும். "அந்த ஒயரைப் பிடி" என்பதற்கு ஒத்திகை தேவையில்லை.

பேராசிரியர் அறைக் கதவருகே வரை போய் இரண்டு முறை திரும்பியிருக்கிறேன். மூன்றாவது முறை கேள்வியைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போனேன். வாய் வராததால் காகிதத்தையே நீட்டினேன். அவர் வாசித்துவிட்டு நாற்காலியைக் காட்டினார், இருபது நிமிஷம் விளக்கினார்.

பிரசன்டேஷன் பயம் மட்டும் லேசில் விடவில்லை. அதற்குப் பயந்து மூன்று வகுப்புகளுக்குப் போகாமல் இருந்த பிறகுதான் மாணவர் ஆலோசகரைப் பார்த்தேன். கூச்சம் வேறு, வகுப்பையே தவிர்க்க வைக்கும் சமூகப் பதற்றம் வேறு என்று அவர் பிரித்துச் சொன்னார். இரண்டாவதற்குச் சிகிச்சை உண்டு, பலன் தரும். அந்த எல்லையில் நிற்கிறவர்கள் தயவுசெய்து என்னைப் போல் தள்ளிப்போடாதீர்கள். நம் பதற்றம் நாம் நினைக்கிற அளவு வெளியே தெரிவதில்லை, அதை முன்கூட்டியே அறிந்தவர்கள் மேடையில் நன்றாகவே பேசியதாக 2003-இல் ஒரு ஆய்வு வந்திருக்கிறது என்றும் சொன்னார். என் முறை வந்த அன்று காகிதத்தைக் கையில் பிடிக்காமல் மேசையில் வைத்துவிட்டுப் பேசினேன். முடிந்ததும் பேனாக்காரியிடம், இதற்குள் 'வா, போ' ஆகியிருந்தோம், "கை நடுங்கினது தெரிஞ்சுதா?" என்று கேட்டேன். "கையா? நான் ஸ்லைடைத்தான் பார்த்துட்டிருந்தேன்" என்றாள்.

இப்போது இரண்டாம் ஆண்டு. குழு விவாதத்தில் முதல் ஆளாகப் பேச இன்னும் வரவில்லை. இரண்டு பேர் பேசிய பிறகு பேசுகிறேன். இந்த செமஸ்டரில் அதை ஒரு பேராகக் குறைக்கப் பார்க்கிறேன்.