பெட்ரா: கஸ்னேயோடு திரும்பிவிடாதீர்கள்

ஜோர்டானின் பெட்ராவுக்குப் போகிறவர்களில் பலர், சிக் என்னும் மலைப்பிளவுக்குள் 1.2 கிலோமீட்டர் நடந்து, பாறையில் குடைந்த முகப்பான கஸ்னே முன்னால் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். வாசற்கதவைப் பார்த்துவிட்டு வீட்டைப் பார்த்தேன் என்பது மாதிரிதான். பழங்கால அரபு மக்களான நபாத்தியரின் நகரமே அதற்கு அப்பால்தான் விரிகிறது.

ஒரு நாள் டிக்கெட் 50 தினார், இரண்டு நாளுக்கு 55. ஐந்து தினாரை மிச்சம் பிடித்து ஒரே நாளில் ஓடுவதில் அர்த்தமில்லை. ஜோர்டானில் இரவு தங்காமல் வந்து போகிறவர்களுக்கு 90. நாட்டில் மூன்று இரவாவது தங்குவீர்கள் என்றால், கிளம்புமுன் இணையத்தில் ஜோர்டான் பாஸ் வாங்குங்கள். இரண்டு நாள் பெட்ராவோடு 75 தினார். 40 தினார் விசா கட்டணமும் இல்லை. போய் இறங்கிய பிறகு வாங்கினால் விசா சலுகை கிடைக்காது.

நடையை வெயிலை வைத்துத் திட்டமிடுங்கள். கஸ்னேயின் முகப்பில் நேர் வெயில் விழுவது காலை ஒன்பதுக்கு மேல் கொஞ்ச நேரம்தான். உள்ளே போக அனுமதியில்லை என்பதால் அங்கே அதிகம் நிற்கவும் வேண்டாம். மலைமேல் பாறையில் குடைந்த இன்னொரு பெரிய முகப்பான அத்-தெய்ருக்கு 800 படிகளுக்கு மேல். காலையில் ஏறினால் முகப்பு நிழலில் கிடக்கும். பிற்பகலில் முகப்பில் வெயில், படிப்பாதையில் பெரும்பாலும் நிழல். ஆனால் திரும்பும்போது சிக் லேசான ஏற்றம், களைத்த காலுக்கு அது தெரியும். அத்-தெய்ரிலிருந்து வாயிலுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். டிக்கெட்டில் அடங்கிய குதிரை சவாரி சிக் தொடங்கும் இடம் வரைதான். இறங்கியதும் அன்பளிப்பு கேட்பார்கள். தொகையை ஏறுமுன்பே பேசிவிடுங்கள்.

சிக்கில் பலரும் அண்ணாந்தே நடக்கிறார்கள். சுவரோரம் பாருங்கள்: ஒரு பக்கம் பாறையில் வெட்டிய வாய்க்கால், மறுபக்கம் சுடுமண் குழாய் பதித்த தடம். குடிநீர் வந்த வழி அது. வெள்ளத்தைத் தனியாகத் திருப்ப, சிக்கின் வாயருகே அணை கட்டி, 80 மீட்டருக்கு மேல் பாறையைக் குடைந்து சுரங்கமும் அமைத்தார்கள். அந்த ஏற்பாடு பராமரிப்பின்றிப் போன பின், 1963இல் சிக்குக்குள் பாய்ந்த வெள்ளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் பிரெஞ்சுப் பயணிகள். அதன்பிறகே அணை மறுபடி கட்டப்பட்டது. இங்கே வானம் வெளுத்திருந்தாலும் மேலே, பெட்ராவை ஒட்டிய ஊரான வாதி மூசா பக்கத்து மலைகளில் மழை என்றால் தண்ணீர் வந்துவிடும். குளிர்கால மாதங்களில் முந்தின இரவே வானிலை பாருங்கள்; வெளியேறச் சொன்னால் மேட்டுப் பக்கம் உடனே நகருங்கள்.