திரையை எப்போது அணைப்பது?

வன்னிக் கிராமங்களில் முதலுதவிப் பயிற்சி நடத்தத் தொடங்கிய காலத்தில், சீ.பி.ஆர். (இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தி, மூச்சுக் கொடுக்கும் உயிர்காப்பு முறை) கற்பிக்க ஒரு பொம்மையும் மடிக்கணினியும் இருந்தால் போதும் என்றே நம்பியிருந்தேன். ஒட்டுசுட்டான் பக்கத்துப் பொதுநோக்கு மண்டபமொன்றில், பங்குபற்றியோர் பொம்மையின் நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்கும்போதே சுவரில் காணொளியையும் ஓடவிட்டேன். பார்த்துப் பார்த்துச் செய்தால் பிழை வராது என்பது என் கணக்கு. நடந்ததோ வேறு. கண்கள் சுவரிலேயே நிற்க, கைகள் நெஞ்சின் நடுவிலிருந்து மெல்ல வயிற்றுப் பக்கம் இறங்கின. விளக்கக் குரலும், அதே சொற்களைத் திரும்பக் காட்டிய எழுத்துகளும், இடையிடையே என் திருத்தங்களும் ஒருசேர வந்து விழுந்ததில், தம் கை என்ன செய்கிறது என்பதைக் கவனிக்க அவர்களுக்கு அவகாசமே இருக்கவில்லை. ஓடும் காட்சியோடு ஒரே செய்தியைக் குரலாகவும் எழுத்தாகவும் சேர்த்துக் கொடுத்தால் கற்பவரின் கவனம் சுமையேறும் என்று கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் விளக்கியிருப்பதை நான் வாசித்தது பின்னர்தான். முன்பே வாசித்திருந்தாலும் அன்று கேட்டிருப்பேனோ என்னவோ.

அதன்பின் காணொளியைச் சிறு துண்டுகளாக வெட்டினேன். கை வைக்கும் இடம், முழங்கை மடியாமல் 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு அழுத்துதல், ஒவ்வோர் அழுத்தத்தின் பின்னும் நெஞ்சை முழுதாக எழவிடுதல் என ஒவ்வொன்றையும் எழுத்தில்லாமல் காட்டி, திரையை அணைத்த பிறகே பொம்மையருகே அழைத்தேன். பயிற்சியின்போது, நிமிடத்துக்கு 110 தடவை ஒலிக்கும் தாளச் செயலி மட்டும் கைபேசியில் ஓடியது. 100 முதல் 120 வரை என்று நான் தொண்டை நோகச் சொன்னதைவிட அந்த 'டிக் டிக்' கைகளை விரைவாகப் பழக்கியது.

காட்சி நிகழும் இடமும் முக்கியம் என்பதை ஓர் அம்மாதான் உணர்த்தினார். அலுவலகத்தில் ஒருவர் மயங்கி விழும் காட்சியைப் பார்த்துவிட்டு, "குளத்தில விழுந்த பிள்ளைக்கும் இதேதானோ, சேர்?" என்று கேட்டார். நீரில் மூழ்கியவருக்கு முதலில் மூச்சுக் கொடுத்துவிட்டே 30 அழுத்தம், 2 மூச்சு என்று தொடர வேண்டும். குளங்களை நம்பி வாழும் ஊர்களுக்கு நான் அதுவரை காட்டாமலிருந்தது அதைத்தான். அடுத்த கிழமையே குளக்கட்டொன்றில் பொம்மையைக் கிடத்தி, எங்கள் பேச்சுத் தமிழிலேயே ஒரு காட்சியைப் படம்பிடித்தோம்.

இப்போது ஒவ்வொருவரின் முறையையும் கைபேசியில் பதிந்து, முடிந்ததும் அவரிடமே காட்டுகிறேன். முல்லைத்தீவுக் கரையோரத்தில், மடிந்து நின்ற தன் முழங்கைகளைப் பார்த்த கடற்றொழிலாளி ஒருவர், நான் வாய் திறக்குமுன்பே மறுபடி பொம்மையருகே போய் முழங்காலிட்டார்.