வீட்டு ரவுட்டரில் வயர்கார்டு: ஐந்து இரவுகளின் குறிப்பு

வீட்டில் கோப்புகளைச் சேமித்து வைக்கும் சிறு கணினி ஒன்று இருக்கிறது. குடும்பப் படங்களும் பத்திரங்களின் நகல்களும் அதில்தான். வெளியில் இருக்கும்போதும் எட்டவேண்டும் என்று ரவுட்டரில் ஒரு போர்ட்டைத் திறந்து, நேரே அந்தக் கணினிக்கு வழிவிட்டிருந்தேன். ஒருநாள் அதன் உள்நுழைவுப் பதிவைப் பார்த்தேன். எனக்குத் தொடர்பே இல்லாத முகவரிகள், நிமிடத்துக்கு ஒருமுறை, வெவ்வேறு பெயர்களில் கடவுச்சொல்லை முயன்று பார்த்திருந்தன. எதுவும் உள்ளே வரவில்லை. இருந்தாலும் பிள்ளைகளின் படங்களுக்கும் அந்தக் கைகளுக்கும் நடுவே நின்றது ஒரே ஒரு கடவுச்சொல் என்பதை நினைத்ததும் அந்த நிமிடமே போர்ட்டை மூடினேன். வீட்டு இணைப்பு ஃபைபருக்கு மாறிய பிறகு, இனி வெளியிலிருந்து வருவதென்றால் விபிஎன் என்னும் பூட்டிய தனிவழியாக மட்டுமே என்று முடிவு செய்தேன்.

ரவுட்டரோடு வந்த மென்பொருளில் இருந்த ஒரே விபிஎன் வகை பிபிடிபி. அதைத் தொடவே இல்லை. அதன் கடவுச்சொல் சரிபார்ப்பு முறையை உடைப்பது டெஸ் என்ற பழைய குறியாக்கத்தின் ஒரே ஒரு 56 பிட் சாவியைத் தேடுவதற்குச் சமம் என்று 2012இலேயே செய்து காட்டிவிட்டார்கள். ஓப்பன்விபிஎன் நம்பகமானது, ஆனால் சான்றிதழ்களை உருவாக்கிப் பராமரிக்க வேண்டும். நான் தேர்ந்தெடுத்தது வயர்கார்டு. 2020 மார்ச்சில் வெளியான லினக்ஸ் 5.6 முதல் அது லினக்ஸின் மையப்பகுதியான கர்னலிலேயே இருக்கிறது. குறியாக்கத்துக்குச் சாசா20 என்ற முறையைப் பயன்படுத்துவதால், ஏஇஎஸ் என்ற மற்றொரு குறியாக்க முறைக்கென்று தனி வன்பொருள் இல்லாத வீட்டு ரவுட்டரையும் அது அதிகம் வருத்துவதில்லை.

முதல் இரவு. ரவுட்டர்களுக்கான லினக்ஸ் மென்பொருளான ஓப்பன்-டபிள்யூஆர்டியை நிறுவினேன், இதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, வழிகாட்டியில் இருந்தபடியே நடந்தது. அடுத்து வீட்டு வலையமைப்பின் முகவரியை 192.168.1 வரிசையிலிருந்து 192.168.73க்கு மாற்றினேன். இதை முதலிலேயே செய்தது நல்லதாகப் போயிற்று. நாம் போய் அமரும் இடத்து வைஃபையும் பெரும்பாலும் 192.168.1 வரிசையில்தான் இருக்கும். இரண்டும் ஒன்றானால், வீட்டுக் கணினியைத் தேடும் மடிக்கணினி அந்த இடத்திலேயே தேடிக்கொண்டிருக்கும். வயர்கார்டு அமைக்கும் சுரங்கவழிக்கு 10.14.0 வரிசையை ஒதுக்கினேன்.

சாவிகளை உருவாக்குவது நொடி வேலை. ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு தனிச்சாவி, அதிலிருந்து பிறக்கும் ஒரு பொதுச்சாவி. ஒவ்வொன்றும் 44 எழுத்து நீளம். ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன். தனிச்சாவி பிறந்த சாதனத்தைவிட்டு வெளியே போகக்கூடாது. கைப்பேசியின் சாவியைக் கைப்பேசியிலேயே உருவாக்கி, பொதுச்சாவியை மட்டும் ரவுட்டருக்குக் கொண்டுவந்தேன். ரவுட்டரில் எல்லாவற்றையும் உருவாக்கி கியூஆர் படமாகக் காட்டுவது சுலபம்தான். ஆனால் அப்படிச் செய்தால் கைப்பேசியின் தனிச்சாவி ரவுட்டரிலும் ஒரு பிரதியாகக் கிடக்கும்.

இரண்டாம் இரவு. ரவுட்டரின் ஃபயர்வாலில் வயர்கார்டு காதுகொடுக்கும் யுடிபி 51820 போர்ட்டுக்கு மட்டும் வழிவிட்டு, கைப்பேசியில் வைஃபையை அணைத்துவிட்டு இணைத்தேன். எந்தப் பதிலும் இல்லை. வயர்கார்டின் இயல்பு அது. தெரியாத சாவியோடு வருபவருக்கு ‘இல்லை’ என்றுகூடப் பதில் சொல்லாது. வெளியிலிருந்து துழாவுகிறவருக்கு அங்கே ஒரு வாசல் இருப்பதே தெரியாது. எனக்கு மிகவும் பிடித்த குணம் அதுதான். ஆனால் பிழை தேடும்போது அதே மௌனம்தான் சிக்கல்: சாவி தவறா, ஃபயர்வால் தடுக்கிறதா, தரவுப் பொட்டலம் வீடுவரை வரவே இல்லையா என்று வித்தியாசம் காண முடியாது.

ரவுட்டருக்குள் எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைந்து, வந்துபோகும் பொட்டலங்களைக் காட்டும் டிசிபிடம்ப்பை ஓடவிட்டு, வெளிமுகத்தில் 51820க்கு என்ன வருகிறது என்று பார்த்தேன். எதுவுமே வரவில்லை. ஆக, சாவியைக் குறைசொல்லப் பயனில்லை. பொட்டலம் வாசலுக்கே வரவில்லை. ரவுட்டரின் வெளிமுகவரியைப் பார்த்ததும் காரணம் புரிந்தது. அது 100.72 என்று தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரையிலான முகவரிகள், சேவை நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிறுத்துவதற்காக ஒதுக்கப்பட்டவை. புதிய இணைப்பில் எனக்கென்று பொது முகவரியே இல்லை. போர்ட்டை எத்தனை முறை திறந்தாலும் வெளியிலிருந்து யாரும் வந்து சேரமுடியாது.

வழி இணைய முகவரிகளின் புதிய வகையான ஐபிவி6இல் இருந்தது. அதில் என் ரவுட்டருக்கு உண்மையான பொது முகவரி இருந்தது. கைப்பேசியின் இணைய இணைப்பும் ஐபிவி6 தந்தது. முகவரி மாறினாலும் பின்தொடர ஒரு டைனமிக் டிஎன்எஸ் பெயரை அமைத்து, கைப்பேசியில் அந்தப் பெயரைக் கொடுத்தேன். மீண்டும் மௌனம். ஆனால் இம்முறை டிசிபிடம்ப்பில் பொட்டலங்கள் தெரிந்தன. நான் எழுதிய ஃபயர்வால் விதி ஐபிவி4க்கு மட்டும் என்று இருந்தது. இரண்டுக்கும் என்று திருத்தினேன். இரு முனைகளும் சாவிகளைச் சரிபார்த்து இணைந்ததைச் சொல்லும் ‘கடைசிக் கைகுலுக்கல்: 3 நொடிகளுக்கு முன்’ என்ற வரியைத் திரையில் பார்த்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்ததால் சத்தம் போடாமல் மகிழ்ந்தேன்.

மூன்றாம் இரவு. மடிக்கணினியைச் சேர்த்தேன். அது வேலை செய்தது, கைப்பேசி நின்றுபோனது. கைகுலுக்கல் நடக்கிறது, தரவு மட்டும் வரவில்லை. ‘அலவ்டு ஐபி’ என்ற புலத்தை நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தேன். அதை வெறும் அனுமதிப் பட்டியல் என்று நினைத்து, ரவுட்டரில் இரு சாதனங்களுக்கும் 10.14.0.0/24 என்று மொத்த வரிசையையும் எழுதியிருந்தேன். உண்மையில் அது வழிகாட்டும் அட்டவணையும்கூட. இந்த முகவரிக்குப் போகிற பொட்டலத்தை எந்தச் சாவியால் பூட்டுவது என்று ரவுட்டர் அதைப் பார்த்துத்தான் தீர்மானிக்கிறது. ஒரே வரிசையை இருவருக்கும் எழுதினால் கடைசியாக எழுதப்பட்டவருக்கே அது சொந்தம். கைப்பேசிக்கு 10.14.0.2/32, மடிக்கணினிக்கு 10.14.0.3/32 என்று தனித்தனியாக எழுதியதும் இரண்டும் இயங்கின. கைப்பேசியின் பக்கம் அதே புலத்தில் 0.0.0.0/0 என்றும் ::/0 என்றும் எழுதினேன். அப்போதுதான் அதன் எல்லாப் போக்குவரத்தும் வீட்டு வழியாகப் போகும்.

நான்காம் இரவில்தான் நான் மிகவும் கற்றுக்கொண்டேன். கைப்பேசியில் எல்லாம் சீராக இருந்தது. லினக்ஸ் ஓடும் மடிக்கணினியிலோ சிறு பக்கங்கள் திறந்தன, பெரிய கோப்பை ஏற்றத் தொடங்கினால் அப்படியே உறைந்து நின்றது. சிறியது போகிறது, பெரியது போகவில்லை என்றால் பொட்டலத்தின் அளவைத்தான் சந்தேகிக்க வேண்டும். சோதனைப் பொட்டலம் அனுப்பும் பிங் கட்டளையில், துண்டாக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு அளவை ஏற்றி இறக்கிப் பார்த்தேன். 1408 பைட் வரை போனது, 1409 போகவில்லை.

கணக்குப் போட்டேன். என் ஃபைபர் இணைப்பு பிபிபிஓஇ வகை. அதில் ஒரு பொட்டலம் 1492 பைட் வரைதான் இருக்கலாம். ஐபிவி6 மேல் ஓடும் வயர்கார்டுக்கு 40 பைட் ஐபி தலைப்பு, 8 யுடிபிக்கு, 32 வயர்கார்டுக்கே. மொத்தம் 80. மிச்சம் 1412. மடிக்கணினி தானாக வைத்துக்கொண்ட பொட்டல எல்லை, அதாவது எம்டியு, 1420. அது வழக்கமான 1500இலிருந்து கழித்தது. ‘பெரிதாக இருக்கிறது’ என்று திரும்பி வரவேண்டிய அறிவிப்பு வழியில் எங்கோ தொலைந்துபோயிருக்க வேண்டும். கைப்பேசிச் செயலி 1280 வைத்துக்கொள்வதால் அது தப்பித்தது.

ஆனால் 1412 வரை போகவேண்டியது ஏன் 1408இல் நின்றது? அந்த நான்கு பைட் என்னைத் தூங்கவிடவில்லை. விடை வயர்கார்டின் நிரப்பலில் இருந்தது. அது ஒவ்வொரு பொட்டலத்தையும் 16இன் மடங்காக நிரப்பித்தான் பூட்டுகிறது, எம்டியு எல்லையைத் தாண்டாமல். 1408 என்பது 16இன் 88 மடங்கு. 1409 ஆனதும் அடுத்த மடங்கான 1424ஐ நோக்கி நிரப்பி, 1420 எல்லையில் நிறுத்துகிறது. அதோடு 80ஐக் கூட்டினால் 1500. பிபிபிஓஇ வாசலில் அது நுழையாது. இரு முனைகளிலும் எம்டியுவை 1412 என்று வைத்தேன். நிரப்பலும் அந்த எல்லையில் நின்றது. கோப்பு முழுதாகப் போய்ச் சேர்ந்தது.

ஐந்தாம் இரவு சில்லறை வேலைகள். கைப்பேசி எந்தத் தளத்தைத் தேடுகிறது என்பது வெளி வைஃபைக்குத் தெரியாமலிருக்க தளப் பெயர்களுக்கு முகவரி தேடித்தரும் டிஎன்எஸ்ஸாக, சுரங்கவழியில் ரவுட்டரின் முகவரியான 10.14.0.1ஐக் கொடுத்தேன். வேகத்தைப் பொறுத்தவரை ஒன்றை நினைவில் வைக்கவேண்டும்: வெளியிலிருந்து நான் இறக்கும் எதுவும் வீட்டு இணைப்பின் ஏற்று வேகத்தைத் தாண்டாது. படங்கள் பார்க்க அது எனக்குத் தாராளம்.

ஐபிவி6 இல்லாத வைஃபையிலிருந்து வீட்டை எட்டமுடியாது என்ற குறை இன்னும் இருக்கிறது. அதற்காகப் பொது முகவரி உள்ள ஒரு சிறு வாடகை சர்வரை நடுவே நிறுத்தி, வீட்டு ரவுட்டரே வெளியே போய் அதை அழைக்கும்படி அமைத்து வருகிறேன். நடுவழியிலுள்ள முகவரி மாற்றுக் கருவிகள் இணைப்பை மறந்துவிடாதிருக்க 25 நொடிக்கு ஒருமுறை உயிர்த்துடிப்பு அனுப்புகிறது. ஒரு மின்தடைக்குப் பிறகு மட்டும் சர்வர் கைகுலுக்க மறுத்தது. என் ரவுட்டரில் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. எழுந்தவுடன் பழைய நேரத்தைச் சொல்கிறது. கடைசியாகக் கண்ட நேர முத்திரையைவிடப் பழையதோடு வரும் அழைப்பை வயர்கார்டு ஏற்காது. நேரச் சேவையகத்திடம் நேரம் வாங்கிய பிறகே வயர்கார்டு முகப்பைத் தொடங்கும் ஒரு சிறு ஸ்கிரிப்டை நேற்று எழுதி வைத்திருக்கிறேன். ரவுட்டரின் மின் இணைப்பை நானே பிடுங்கி இருமுறை சோதித்தேன். இருமுறையும் தானாகவே போய் ஒட்டிக்கொண்டது.