புனர்பூசத்தின் திணிவு என்ன?

புனர்பூச நட்சத்திரக்காரர் யாராவது இதை வாசிக்கிறீர்களா? உங்கள் நட்சத்திரத்துக்கு ஒரு கோள் இருக்கிறது. சாதகக் குறிப்பில் வரும் கிரகத்தைச் சொல்லவில்லை, நிசமான கோள். மிதுனத்தில் சோடியாக நிற்கும் இரண்டு பிரகாசமான நட்சத்திரங்களில் கொஞ்சம் மஞ்சள் கூடியதைப் பொலக்ஸ் என்பார்கள். அதை ஏறத்தாழ 590 நாளுக்கு ஒருமுறை ஒரு பெரிய கோள் சுற்றி வருகிறது. 2006இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக இதை அறிவித்தன. கோளின் திணிவு வியாழனைப் போல இரண்டு மடங்குக்கு மேல்.

அக்காவின் மகனுக்கு இதைச் சொன்னபோது அவன் கேட்டது, "மாமா, அந்தக் கோளை ஆரும் பாத்தவையே?" ஒருவரும் பார்க்கவில்லை என்றேன். "அப்ப அதின்ர திணிவு மட்டும் எப்பிடித் தெரியும்?"

சரியான கேள்வி. புறக்கோள்களை, அதாவது வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களைப் பற்றித் தமிழில் வரும் செய்திகள் பெரும்பாலும் இந்தக் கேள்வியைத் தொடுவதே இல்லை. வியாழனைப் போல இத்தனை மடங்கு, பூமியைப் போல இத்தனை மடங்கு என்று தலைப்பில் போட்டுவிட்டு நட்சத்திரத்துக்கு அரை வரி ஒதுக்குவார்கள். என்னைக் கேட்டால் வேலையின் பெரும்பகுதி அந்த அரை வரிக்குள்தான் கிடக்கிறது.

கோள் சுற்றும்போது நட்சத்திரமும் சும்மா நிற்பதில்லை, கோளின் இழுப்புக்கு அதுவும் கொஞ்சம் அசையும். பொலக்ஸ் செக்கனுக்கு 40 மீற்றருக்குச் சற்று மேற்பட்ட வேகத்தில் எங்களை நோக்கியும் எங்களை விட்டு விலகியும் அசைகிறது, அதன் நிறமாலைக் கோடுகள் அதற்கேற்ப நீலப்பக்கமும் சிவப்புப்பக்கமும் நகர்கின்றன. நாங்கள் அளப்பது இந்த வேகத்தையும் 590 நாள் என்ற காலத்தையும் மட்டுந்தான். இதிலிருந்து கோளின் திணிவுக்குப் போகும் சமன்பாட்டில் நட்சத்திரத்தின் திணிவு, மூன்றில் இரண்டு அடுக்காக, உட்கார்ந்திருக்கிறது. நட்சத்திரத்தை 20 சதவீதம் கூட்டி மதிப்பிட்டால் கோளும் 13 சதவீதம் கூடிவிடும். (சுற்றுப்பாதையின் சாய்வு தெரியாததால் கிடைப்பது குறைந்தபட்சத் திணிவுதான், அது வேறு கதை.) கோள் நட்சத்திரத்தின் முகத்தைக் கடந்து போகும்போது குறையும் வெளிச்சத்தை வைத்து அளப்பதென்றால் நிலைமை இன்னும் மோசம். அங்கே தெரிவது கோளின் ஆரைக்கும் நட்சத்திரத்தின் ஆரைக்கும் உள்ள விகிதம் மட்டுமே. சூரியன் அளவு என்று நினைத்த நட்சத்திரம் உண்மையில் அதைப்போல இரண்டு மடங்கு வீங்கியதாக இருந்தால் கோளின் ஆரையும் இரட்டிக்கும், கனவளவு எட்டு மடங்காகும், பாறைக்கோள் என்று அறிவித்தது வாயுக்கோளாக மாறிவிடும்.

2019இல் இலங்கைக்குப் பெயர் வைக்கக் கிடைத்த எச்டி 205739 என்ற நட்சத்திரத்துக்கும் இதே கதைதான். நட்சத்திரத்துக்குச் சாமய, கோளுக்குச் சமகிய என்று பெயர் வைத்தார்கள். சமகியவின் திணிவு என்று எந்த அட்டவணையில் பார்த்தாலும் அதற்கு அடியில் சாமயவின் திணிவு இருக்கிறது.

சரி, புனர்பூசத்துக்கு வருவோம். பொலக்ஸ் ஒரு முதிர்ந்த நட்சத்திரம். மையத்தில் இருந்த ஐதரசன் எரிந்து முடிந்து, வெளிப்பகுதி வீங்கி, சூரியனைப் போல ஒன்பது மடங்கு அகலமாகிவிட்டது. உண்மையில் காலிமுகத்திடலில், அத்தனை மின்விளக்குகளுக்கும் நடுவில் நின்று மேலே பார்த்தாலும் கண்ணில் படுகிற ரோகிணி, திருவாதிரை, சுவாதி, கேட்டை எல்லாமே இப்படி வீங்கியவைதான். வீங்கினால் ஒளி கூடும், தூரத்தில் இருந்தும் தெரியும், அதனால் பழங்காலத்தில் பெயர் வாங்கிய நட்சத்திரங்களில் இந்த இனம் நிறைய.

கோள் தேடுகிறவர்கள் இந்த முதியவர்களிடம் ஏன் போகிறார்கள்? சூரியனைப் போல இரண்டு மடங்கு திணிவுள்ள நட்சத்திரம் இளமையில் கொதித்துக்கொண்டு, பெரும்பாலும் செக்கனுக்கு நூறு கிலோமீற்றருக்கு மேலான வேகத்தில் தன்னைத்தானே சுற்றும். நிறமாலையில் கோடுகள் கொஞ்சம்தான் இருக்கும், இருப்பவையும் சுழற்சியால் அகன்று மங்கிக் கிடக்கும். அதில் செக்கனுக்கு 40 மீற்றர் அசைவைப் பிடிப்பதென்பது நடக்காத காரியம். அதுவே வயதாகி வீங்கியதும் குளிர்ந்து 4,500, 5,000 கெல்வினுக்கு இறங்கிவிடும், சுழற்சியும் தளரும், கூரான கோடுகள் ஆயிரக்கணக்கில் தோன்றும். ஆகவே பாரமான நட்சத்திரங்களுக்குக் கோள் இருக்கிறதா என்று பார்க்க அவை முதுமை அடைந்தபின் பார்ப்பதே வசதி. ஜோன் ஜோன்சனின் குழு இவற்றை 'ஓய்வுபெற்ற ஏ வகை நட்சத்திரங்கள்' என்றே அழைத்தது (இளமையில் கொதிக்கும் அந்தப் பாரமான நட்சத்திரங்களின் வகைப்பெயர்தான் ஏ). இராட்சத நட்சத்திரம் ஒன்றைச் சுற்றும் முதல் கோள் 2002இல் அயோட்டா டிராகோனிஸில் கிடைத்தது. அப்புறம் யப்பான், கொரியா, ஐரோப்பா, அமெரிக்கா என்று எல்லா இடத்திலும் தேடல் பரவியது. 1992இல் துடிவிண்மீனை (வெடித்துச் செத்த நட்சத்திரத்தின் சுழலும் எச்சத்தை) சுற்றும் கோள்களை அறிவித்த வொல்ஸ்சானும் போலந்தின் தொருன் நகர வானியலாளர்களும் டெக்சாஸில் உள்ள ஹொபி-எபர்லி தொலைகாட்டியால் நூற்றுக்கணக்கான முதிர்ந்த நட்சத்திரங்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். அவர்கள் கோள்களை மட்டும் அறிவித்துவிட்டு நிற்கவில்லை, தேடும் நட்சத்திரங்கள் ஒவ்வொன்றின் வெப்பநிலை, ஈர்ப்பு, உலோக அளவு எல்லாவற்றையும் உட்கார்ந்து அளந்து அட்டவணை போட்டார்கள். செய்தியில் வராத அந்த வேலைக்கு நான் பெரிய மதிப்பு வைத்திருக்கிறேன்.

அதை எப்படிச் செய்கிறார்கள் என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். வேகத்தை அளக்கும்போது பல இடங்களில் ஒளியின் வழியில் அயடீன் ஆவி நிரப்பிய ஒரு கண்ணாடிக் கலத்தை வைப்பார்கள். அயடீனின் கோடுகள் நட்சத்திரக் கோடுகளுக்கு மேல் விழும், அவைதான் அளவுகோல். ஆனால் அதே அயடீன் 5,000 முதல் 6,200 அங்ஸ்ட்ரொம் வரையான அலைநீளங்களில் நட்சத்திரத்தின் சொந்தக் கோடுகளை மறைத்துவிடும், ஆகவே நட்சத்திரத்தின் குணங்களை அளக்கக் கலத்தை எடுத்துவிட்டு ஒரு தனி நிறமாலை எடுக்கவேண்டும். அதில் இரும்பின் கோடுகளைப் பொறுக்குகிறார்கள். ஒரு வெப்பநிலையை ஊகித்து, ஒவ்வொரு கோட்டில் இருந்தும் நட்சத்திரத்தில் எவ்வளவு இரும்பு இருக்கிறது என்று கணிப்பார்கள். குறைந்த சக்தி மட்டத்தில் தோன்றும் கோடுகள் ஒரு விடையும், உயர்ந்த மட்டத்தில் தோன்றுபவை வேறு விடையும் தந்தால் ஊகித்த வெப்பநிலை பிழை, மாற்றவேண்டும். பிறகு நடுநிலை இரும்பும் ஓர் இலத்திரனை இழந்த இரும்பும் ஒரே விடையைத் தரும்வரை மேற்பரப்பு ஈர்ப்பை மாற்றவேண்டும். மெல்லிய கோடுகளும் தடித்த கோடுகளும் ஒத்துப்போகும்வரை வளிமண்டலக் கொந்தளிப்பை மாற்றவேண்டும். ஒன்றைத் தொட்டால் மற்றது அசையும். எல்லாம் ஒருசேர அடங்கும் இடத்தில்தான் நட்சத்திரத்தின் வெப்பநிலையும் ஈர்ப்பும் உலோக அளவும் கிடைக்கும். இரும்பே தன்னைத்தானே சாட்சி சொல்லும் இந்த முறை எனக்கு மிகவும் பிடித்தது.

இவ்வளவு செய்தும் திணிவு நேரே கைக்கு வராது. இளமையில் நட்சத்திரத்தின் நிறத்தையும் ஒளியையும் பார்த்துத் திணிவைச் சொல்லிவிடலாம், திணிவுக்குத் திணிவு இடம் வேறு. வீங்கியபின் சூரியனைப் போல ஒரு மடங்கு, ஒன்றரை, இரண்டு, மூன்று மடங்கு உள்ளவை எல்லாம் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில், நெருங்கிய ஒளியில் வந்து குவிந்துவிடும். ஈர்ப்பை வைத்துப் பிரிக்கலாமே என்றால், அதை மடக்கையில் எழுதும்போது வரும் 0.1 பிழைகூடத் திணிவில் 25 சதவீதம். 2011இல் ஜேம்ஸ் லொயிட் இதில்தான் கைவைத்தார். இவ்வளவு பாரமான நட்சத்திரங்கள் அந்த வாழ்க்கைக் கட்டத்தை மிக வேகமாகக் கடந்துவிடும், ஆகவே ஜோன்சன் குழுவின் பட்டியலில் இத்தனை பேர் இருக்கமுடியாது, பலர் உண்மையில் சூரியனை விடச் சற்றுத்தான் பெரியவர்கள் என்றார். பாரமான நட்சத்திரங்களுக்குப் பெருங்கோள்கள் கூடுதலாக உண்டு என்ற முடிவே இதனால் ஆட்டங்கண்டது. விவாதம் பல வருடம் போனது. 2017இல் ஒரு குழு, பாரமானவற்றின் திணிவு 15 முதல் 20 சதவீதம் கூட்டி மதிப்பிடப்பட்டிருக்கிறது என்றது. அதே வருடம் இன்னொரு குழு அவ்வளவு பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்றது. இரண்டு குழுவும் பயன்படுத்தியது ஒரே முறையை, நட்சத்திரத்தின் அதிர்வை.

அதற்கு முன் ஆரையைப் பற்றி ஒரு வார்த்தை. கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சனில் சாரா என்ற தொலைகாட்டித் தொகுதி இருக்கிறது. 331 மீற்றர் வரை தள்ளித் தள்ளி நிற்கும் தொலைகாட்டிகளின் ஒளியைச் சேர்த்து நட்சத்திரத்தின் கோண விட்டத்தை அளப்பார்கள். பொலக்ஸ் 34 ஒளியாண்டு தூரத்தில் காட்டும் விட்டம், யாழ்ப்பாணத்தில் ஒருவர் பிடித்திருக்கும் சட்டைப் பொத்தானைக் கொழும்பில் இருந்து பார்ப்பதற்குச் சமம். ரோகிணியை அளக்க இன்னொரு வழியும் உண்டு. அது சந்திரன் போகும் வழியில் நிற்பதால் சில வருடங்களில் சந்திரன் அதை மறைக்கும் (கடைசி வரிசை 2015 முதல் 2018 வரை நடந்தது), அப்போது நட்சத்திரம் ஒரேயடியாக அணையாமல் செக்கனில் சுமார் இருபத்தைந்தில் ஒரு பங்கு நேரம் எடுத்து அணையும். அந்த நேரத்தில் இருந்து விட்டம் வந்துவிடும்.

இனி அதிர்வு. நட்சத்திரத்தின் மேற்பரப்பில் வாயு கொதிப்பதால் உள்ளே ஒலி அலைகள் எழுந்து முழு உடலையும் அதிர வைக்கும். சூரியனில் இது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, பொலக்ஸில் மூன்று மணித்தியாலம் அளவில். பெரிய உடல் மெதுவாக அதிரும். அதிர்வு எந்த மீடிறனில் உச்சமாகிறது என்பது ஈர்ப்பைச் சொல்லும், அடுத்தடுத்த அதிர்வுகளுக்கு இடையே உள்ள சம இடைவெளி சராசரி அடர்த்தியைச் சொல்லும், இரண்டையும் வெப்பநிலையோடு சேர்த்தால் திணிவும் ஆரையும் வந்துவிடும். கனடாவின் மோஸ்ட் செயற்கைக்கோளின் தரவையும் சேர்த்து 2012இல் ஹட்சஸ் குழு பொலக்ஸின் திணிவைச் சூரியனைப் போல 1.91 மடங்கு என்று கணித்தது, பிழை 0.09. மருமகனின் கேள்விக்கு இதுதான் பதில்.

கோள் தேடும் நாசாவின் டெஸ் விண்கலத்தின் தரவு இலவசம். வெள்ளவத்தை வீட்டில் இருந்தபடியே ஒரு சிவப்பு இராட்சதனின் ஒளி வளைவை இறக்கிப் பார்த்திருக்கிறேன். முதல் பார்வைக்கு வெறும் இரைச்சல். மீடிறன் வாரியாகப் பிரித்து வரைந்தால் இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் சரியும் ஒரு பின்னணி, அது மேற்பரப்புக் கொதிப்பு, அந்தச் சரிவின் நடுவில் ஒரு மேடு, மேட்டுக்குள் சீரான இடைவெளியில் முனைகள். அந்த மேட்டைத் திரையில் கண்டதும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆனால் டெஸ் ஒரு பகுதியை ஒரு தடவையில் பார்ப்பது 27 நாள் அளவுதான், அதற்குக் கிடைக்கும் நுணுக்கம் 0.4 மைக்கிரோஹேர்ட்ஸ். இடைவெளியோ வழக்கமான இராட்சதனில் 4 மைக்கிரோஹேர்ட்ஸ் அளவு. திணிவில் அந்த இடைவெளி நான்காம் அடுக்கில் வருகிறது, ஒரு சதவீதம் பிசகினால் திணிவு நான்கு சதவீதம் பிசகும். அதனால்தான் நாலு வருடம் ஒரே இடத்தைப் பார்த்த கெப்ளர் விண்கலத்தின் பழைய தரவுக்கு இன்னும் அவ்வளவு மவுசு.

நட்சத்திரத்தைச் சரியாகப் படிக்காவிட்டால் இல்லாத கோளும் தோன்றும். ரோகிணிக்கு 629 நாளில் சுற்றும் ஒரு கோள் உண்டு என்று 2015இல் அறிவித்தார்கள், 2019இல் இன்னும் பல தரவுகளைச் சேர்த்துப் பார்த்த வேறு குழு அந்தக் கோள் சந்தேகம் என்றது. காமா டிராகோனிஸில் 702 நாள் சைகை வருடக்கணக்காக ஒழுங்காக வந்து, 2011 முதல் 2013 வரை காணாமல் போய், திரும்பி வந்தபோது கட்டம் மாறி வந்தது. கோள் அப்படி லீவு எடுக்காது. அந்த நட்சத்திரங்களின் உடலே நாங்கள் இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளாத ஏதோ ஒரு வகையில் மெதுவாக அசைகிறது.

மறுபக்கம், நட்சத்திரத்தை ஆழமாகப் படித்தால் கோளின் வரலாறே மாறும். சிறு கரடி மண்டலத்தில் 8 அர்சே மைனோரிஸ் என்ற நட்சத்திரத்தைச் சுற்றும் கோளைக் கொரிய வானியலாளர்கள் 2015இல் அறிவித்தார்கள். சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரத்தில் பாதிக்கும் குறைவான தூரத்தில், 93 நாளுக்கு ஒரு சுற்று. 2023இல் டெஸ் தரவின் அதிர்வுகளைப் பார்த்தபோது நட்சத்திரம் மையத்தில் ஈலியம் எரிக்கிறது என்று தெரிந்தது. அப்படியென்றால் அது ஏற்கெனவே ஒருமுறை சூரியன்-பூமி தூரத்தில் 0.7 மடங்குவரை வீங்கிச் சுருங்கியிருக்கவேண்டும், கோள் விழுங்கப்பட்டிருக்கவேண்டும். ஆனால் கோள் இருக்கிறது. இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றாகிப் போனதால் அந்தப் பெரிய வீக்கமே நடக்காமல் போயிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். கோளின் தரவு அப்படியே இருக்க, நட்சத்திரத்தைப் பற்றிய ஒரே ஒரு அளவீடு முழுக் கதையையும் புரட்டிவிட்டது.

உயர்தரத்தில் பௌதிகம் படிக்கிற, பைதான் கொஞ்சம் தெரிந்த பிள்ளைகள் இதைச் செய்து பார்க்கலாம். லைட்கர்வ் என்ற இலவச மென்பொருள் போதும், மடிக்கணினி பழசானாலும் பரவாயில்லை. டெஸ் பல தடவை பார்த்த ஒரு சிவப்பு இராட்சதனை எடுங்கள், கண்ணுக்குத் தெரிகிற மிகப் பிரகாசமானவை வேண்டாம், அவை கமராவையே நிறைத்துவிடும். மேடு தெரிந்ததும் உச்ச மீடிறனைக் குறித்துக்கொள்ளுங்கள், சூரியனுக்கு அது 3,090 மைக்கிரோஹேர்ட்ஸ், இடைவெளி 135. உங்கள் நட்சத்திரத்தின் எண்களை இவற்றால் வகுத்தபின் மிச்சம் பெருக்கலும் அடுக்கும்தான். நான் எழுதிய நிரலைத் தமிழ்க் குறிப்புகளோடு அடுத்த பதிவில் போடுகிறேன்.